என் மாமனாரின் உள்ளங்கால்

என் மாமனாரின் முகத்தைவிட அவருடைய வலது உள்ளங்காலை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தை நான் பார்ப்பதில்லை. அவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டு, பல வருடங்களாக நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலவனத்தத்தில் என் அப்பா இறந்த அன்று, சம்பந்தி முறைக்கு மாலையும் கோடித்துணியும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவர் இவர். வரவில்லை. அருப்புக்கோட்டையில் இவருடைய இரும்புக் கடையில் அன்று லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கடையை அடைக்க மனமில்லாமல், கம்பி தூக்கும் ஆள் ஒருவரிடம் மாலையைக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் பாவம், துருப் படிந்த சட்டையோடு பந்தலுக்குள் வந்து, "மொதலாளி லோடு எறங்குதுன்னு சொல்லச் சொன்னாக" என்று என் அம்மாவிடமே சொன்னார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவரிடம் மூடிய வாயை நான் திறக்கவில்லை. ஏன் பேசவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

பேசாமல் இருந்தாலும் வீடு நடக்க வேண்டுமே. அவர் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல ஒரு மனுசனுக்கு வெந்நி வைக்க ஆளு இருக்கா இல்லையான்னு தெரியல" என்பார். நான் அடுப்பைப் பார்த்து, "வெந்நி வச்சு ரொம்ப நேரமாச்சு, ஆறிப் போயிருக்கும்" என்பேன். நடுவில் என் வீட்டுக்காரர் தபால்காரரைப் போல அலைவார். மாமியார் இருந்தவரை இந்த வேலையை அவர் செய்தார். அவர் போன பிறகு மகன் தலையில் விழுந்தது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பி, தகடு, ஆணி, முள்கம்பிச் சுருள் எல்லாம் விற்கிற கடை. திருச்சுழிப் பக்கம் வேலி போடுகிறவர்களும், வீரசோழனில் வீடு கட்டுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். கடைக்குள் செருப்புக் கூடாது. கல்லாப்பெட்டிக்கு மேலே லட்சுமி படம் இருக்கிறது. இந்த ஊரில் பல கடைகளில் இது வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மாமனார் அதற்கும் ஒரு படி மேலே போனவர். கடைக்குப் பின்னால் கூரை இல்லாத குடோன் உண்டு. இரும்புத் தகடுகள் வெட்டவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். லோடு வந்தால் அந்த அடுக்கின் மேல் ஏறி நின்றுதான் சரக்கை இறக்கச் சொல்லுவார். ஏறுவதற்கு முன்னால் தகட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சரக்கும் லட்சுமிதான், அதன்மேல் செருப்புக் காலை வைப்பவன் விளங்கமாட்டான் என்பது அவர் சட்டம்.

நடுப்பகலில் அந்தத் தகட்டைத் தொட்டால் கை சுடும். அவரும் வெடுக்கென்று விரலை எடுத்துக்கொள்வாராம். ஆனால் கால் சுடாது. வெறுங்காலோடு அதன்மேல் நின்று அரை நாள் அதட்டிக்கொண்டிருப்பார். "மொதலாளிக்கு இரும்புக் காலுய்யா" என்று கூலி ஆட்கள் புகழ்ந்திருக்கிறார்கள். அவரும் அதை நம்பினார். வாலிபத்திலிருந்து செருப்பில்லாமல் உழைத்த காலுக்குச் சாமி கொடுத்த வரம் என்று நினைத்தார். சர்க்கரை வியாதி அந்தக் காலின் நரம்பைத் தின்று முடித்துவிட்டது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாத்திரையை இஷ்டத்துக்குத் தின்பதும், இஷ்டத்துக்கு நிறுத்துவதுமாக அவர் இருந்தார்.

ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் கடையிலிருந்து வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் தரையில் ஈரத் தடம் இருந்தது. ஒரு காலின் தடம் மட்டும். கால் கழுவிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துத் துணியைப் போட்டுத் துடைத்தேன். தண்ணீர் என்றால் துணியோடு போய்விடும். இது பிசுபிசுத்தது.

"கால்ல என்னன்னு பாக்கச் சொல்லுங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்குக் கீழே மேடான இடத்தில் தோல் பூரி மாதிரி உப்பி, உடைந்து, கிழிந்து தொங்கியது. என் மாமனார் செய்தித்தாளைக்கூட மடக்கவில்லை.

"வலிக்கல. வலிக்காத புண்ணுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி?"

அந்த ஒரு சொல்தான் அவருடைய பாதி உயிரை எடுத்தது. வலிக்கல, வலிக்கல. மறுநாள் இழுத்துக்கொண்டு போனபோது டாக்டரிடமும் அதையே பெருமையாகச் சொன்னார். அந்த டாக்டர் முகத்தைத் தூக்கி, "வலிச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க" என்றார். செத்த தோலை வெட்டி எடுத்தார். தினமும் கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டும், கால் தரையில் படவே கூடாது, மருந்து பாதி, காலை ஊன்றாமல் இருப்பது பாதி என்றார். "வீட்டுல யாரு கட்டுவீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சீழைப் பார்த்தால் மயங்கி விழுகிற வீரர். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இருவரையும் விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

ஏறவில்லை. நர்சம்மா எனக்குக் கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பாட்டில் உப்புத்தண்ணீரால் புண்ணைக் கழுவு, நடுவிலிருந்து வெளியே துடை, இறுக்கிக் கட்டாதே, விரல் இடுக்கைப் பார். வேறு எதையாவது தடவிக்கொண்டு வந்தால் கையை ஒடிப்பேன் என்றும் சொன்னார். அந்தம்மாவை எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டுவார். முகத்துக்கு முன்னால் செய்தித்தாளைப் பிடித்துக்கொள்வார். நான் கீழே உட்கார்ந்து கட்டைப் பிரிப்பேன். நான் அவரிடம் பேசுவதில்லை, காலிடம் பேசுவேன். "காலு கொஞ்சம் மேல வரணும்." கால் மேலே வரும். "நேத்து ராத்திரி இந்தக் காலு கொல்லப்பக்கம் நடந்துருக்கு, கட்டுல மண்ணு இருக்கு." செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மனுசன் ஒண்ணுக்குக் கூடப் போகக் கூடாது போலருக்கு" என்று பதில் சுவருக்குப் போகும்.

அந்தக் காலை நான் பாசத்தோடு தொட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தொடும்போதெல்லாம் என் அப்பாவின் பந்தல் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். வெறுப்பவர்கள் நன்றாகக் கட்டுப் போடுவார்கள். பாசக்காரி என்றால், பாவம் பெரியவர், இன்று ஒருநாள் போகட்டும் என்று விட்டிருப்பாள். நான் விடமாட்டேன். இந்தக் கால் போனால், மருமகள் சரியாகப் பார்க்கவில்லை, பழி தீர்த்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சை நான் வாங்கத் தயாராக இல்லை. அதனால் ஓரம், இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் சல்லடை போட்டுத் தேடினேன். புண் சுருங்கி வந்தது. அடியில் நல்ல சிவப்புச் சதை தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "யாரு கட்டுறது? நல்லாருக்கு" என்றார். மாமனார் கூரையைப் பார்த்தார்.

இதற்கிடையில் நலம் விசாரிக்க வந்த கூட்டம் வேறு. சர்க்கரைக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் பையில் வாழைப்பழமும் பன்னும் சத்துமாவு டப்பாவுமாகத்தான் வருவார்கள். வந்ததும் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். காட்டமாட்டேன் என்றால், என்ன மறைக்கிறாள் என்ற பார்வை. டாக்டர் தினமும் முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். வந்தவர்களில் ஒருவர், "முட்டை சீழ் வைக்கும்ல, பச்ச ஒடம்புக்குக் குடுக்கலாமா?" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மாமனார் முட்டையைத் தொடவில்லை. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுவார். கத்தரிக்காய், மீன், கடலை, ஒவ்வொன்றாக நின்றது. பன்னை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

ஆடி மாதம் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் சில நாள் பாலவனத்தம் போக வேண்டியிருந்தது. விருதுநகரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். கட்டுப் போடும் முறையை அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் காட்டினேன். "எங்க அய்யாவ எனக்குப் பாக்கத் தெரியாதா மதினி?" என்றாள். மகள் அல்லவா, பாசத்துக்குக் குறைவில்லை.

நான் திரும்பி வந்தபோது வாசல்படியிலேயே நாற்றம் அடித்தது. கூடத்தில் மாமனார் படுத்திருந்தார். காலில் கட்டில்லை. புண் முழுக்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பி, அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. பெருவிரல் நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"காத்துப் பட்டாத்தான் புண்ணு ஆறும் மதினி. நீங்க மூடி மூடி வச்சு அழுக விட்டுருக்கீக" என்றாள் நாத்தனார்.

"ஆறியிருக்கா பாரு. நல்லாக் குனிஞ்சு பாரு."

"அய்யா வலிக்கலங்காகளே."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவில் விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மாமனாரைத் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றே கார் பிடித்து மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே பெருவிரலை எடுத்தார்கள்.

எடுத்த டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "இந்த வெரலோட நின்னுச்சேன்னு சந்தோசப்படுங்க. இன்னொரு தடவை இந்தக் கால்ல காயமோ கொப்புளமோ வந்தா, நான் கணுக்கால் கரண்டைக்கு மேலதான் வெட்டுவேன். வீட்டுக்குள்ளயும் செருப்பு. பூஜை ரூமுலயும் செருப்பு. தினமும் உள்ளங்காலை ஒருத்தர் பாக்கணும்." நாத்தனார் ஊருக்குப் போன் போட்டு, மதினி கட்டின கட்டு சரியில்லை என்று அழுதாள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். நாத்தனார் உடைத்தாலும் மண்குடம்தான் என்று அன்று தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். முக்காலி, உப்புத்தண்ணீர், செய்தித்தாள், சுவர். இந்த முறை கட்டின் மேல் கை வைத்தவர்களை வாசலோடு அனுப்பினேன். தட்டில் முட்டையை ஒதுக்கினால் அடுத்த வேளையும் அதையே வைத்தேன். கார்த்திகையில் புண் மூடியது. விரல் போன இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த, கறுப்பான, பட்டை வைத்து ஒட்டுகிற சுகர் செருப்பு ஒன்று வாங்கினோம். அதைப் பார்த்துவிட்டு, "எரும மாட்டுக் கொளம்பு மாதிரி இருக்கு" என்று மின்விசிறியிடம் சொன்னார். ஆனாலும் வீட்டில் போட்டுக்கொண்டார். கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். கடையிலும் கழற்றுவதில்லை என்று, கூடவே கடையைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

பங்குனி முடிகிற சமயம், காலையில் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் ரேகைகளுக்குள் செம்பழுப்பாக ஏதோ ஏறியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் துரு வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. செருப்புப் போட்ட காலில் துரு எப்படி ஏறும்?

"இந்தக் காலு சரக்கு மேல ஏறியிருக்கு" என்று காலிடம் சொன்னேன். கால் மெல்லப் பின்னால் போனது. செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது. வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால், "அவுக சொன்னாக் கேப்பாகளா? நான் என்ன செய்ய?" என்றார். அப்பாவுக்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதரிடம் வேறு என்ன பதில் கிடைக்கும்?

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வரவில்லை. போன் போட்டேன். "லோடு வந்துருக்கு, எறங்குது. நேரமாகும்" என்றார் வீட்டுக்காரர். பின்னால் தகடு விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே மாமனார் அதட்டுகிற குரல். உயரத்திலிருந்து வருகிற குரல்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பூஜை நாளில் முன்வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி. அன்று அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிய சேலையோடு தெருவில் நடந்தேன். கடை வாசலில் அந்தக் கறுப்புச் செருப்பு இரண்டும் தெருவைப் பார்த்து, அழகாக ஜோடி சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பார்த்ததும் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை மாதம் நான் குனிந்து கழுவியது இதற்காகவா? இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, லட்சுமி படத்தைத் தாண்டி, கடைக்குள் நுழைந்து குடோனுக்குப் போனேன்.

கூலி ஆட்கள், லாரி டிரைவர், சரக்கு வாங்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. தகட்டு அடுக்கின் மேல் மாமனார் இடுப்பில் கைவைத்து நின்றார். கையில் செருப்போடு வருகிற மருமகளைப் பார்த்ததும் எல்லாச் சத்தமும் நின்றது.

"என்ன, செருப்பையா தூக்கிட்டு வர்ற?" என்றார். சுவரிடம் அல்ல, என்னிடம். அத்தனை வருடத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஆமா. எறங்குங்க மாமா."

"சரக்கு மேல நிக்கேன், கண்ணு தெரியலையா? பெரிய மனுசனுக்கு நேரா செருப்பைத் தூக்கச் சொல்லித்தான் ஒங்க வீட்டுல வளத்தாகளா?"

"எங்க வீட்டுல செருப்புப் போட்டு நடக்கச் சொல்லி வளத்தாக. எறங்குங்க."

"எறங்க முடியாது. போ வீட்டுக்கு."

நான் செருப்பைத் தகட்டின் மேலேயே, அவர் காலடியில் போட்டேன். கூட்டத்தில் யாரோ 'ச்சு' என்றார்கள். பிறகு என் வலது கையை விரித்து, அவர் காலுக்குப் பக்கத்தில் அந்தத் தகட்டில் அழுத்தினேன். தோசைக்கல்லில் வைத்தது போல் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று எனக்குள் இருந்த அத்தனை வெறுப்பையும் சேர்த்து அழுத்தினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் கை வந்தது.

உள்ளங்கையை அவருக்கு நேராகக் காட்டினேன். செக்கச் செவேலென்று இருந்தது.

"பாத்துக்கோங்க. ஒங்க காலுக்குத்தான் சூடு தெரியாது, கண்ணு தெரியும்ல? கரண்டைக்கு மேல அறுத்துருவாக மாமா. ஒத்தக் காலை வச்சுக்கிட்டு எந்தச் சரக்கு மேல ஏறி நிப்பீக?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அந்த முகத்தில் அதற்கு முன் நான் பயத்தைப் பார்த்ததில்லை. மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பட்டை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாதே. நான்தான் குனிந்து, கூட்டத்தின் முன்னால், இடது கையால் இரண்டு காலிலும் மாட்டிவிட்டேன். எரிந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கால் சிவந்திருந்தது, தோல் கிழியவில்லை. ஒரு சிறு கொப்புளம் மட்டும் மறுநாள் எழும்பியது. அதையும் உடையாமல் பார்த்து ஆற்றினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாமனாரைச் செருப்பால் அடிக்கப் போனவள் என்று என் பெயர் விருதுநகர் வரைக்கும் போய்விட்டது. நாத்தனார் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் அவர் பழையபடி சுவரோடுதான் பேசுகிறார், நானும் அடுப்போடுதான் பேசுகிறேன். நாங்கள் ராசியாகவில்லை. ஆக வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. ஆனால் லட்சுமி படத்தைக் கழற்றி உத்தரத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். சாமி அங்கே இருந்தால் கீழே செருப்புக் காலோடு உட்காரலாம் என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். லோடு வந்தால் தரையில் நின்று அதட்டுகிறார்.

இப்போது மதியச் சாப்பாட்டை நானே கடைக்குக் கொண்டு போகிறேன். காலைப் பார்க்கத்தான் போகிறேன், சாப்பாடு ஒரு சாக்கு. போன வாரம் போனபோது வீரசோழன் ஆள் ஒருவர் முள்கம்பி வாங்க வந்திருந்தார். நான் வாசலில் நிற்பது தெரிந்தும், தெரியாதவர் போல என் மாமனார் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் மருமக இருக்காளே, அம்புட்டுப் பேரு முன்னால எனக்குச் செருப்பைத் தூக்கிக் காமிச்சா. பொய் சொல்லல. இந்தா, இதே செருப்புதான்."

சொல்லிவிட்டு வலது காலை நாற்காலியிலிருந்து நீட்டிக் காட்டினார். வந்தவர் செருப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நான் காலைப் பார்த்தேன். ஒரு விரல் போக, குதிகால், கரண்டை எல்லாம் சேர்ந்து கால் அப்படியே இருந்தது. எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் நீட்டிக் காட்டிச் சொல்லிக்கொள்ளட்டும்.